யார் கொடுத்த அனுமதி

அக்காவின் கணவர் வீட்டை விட்டுப் போன மறுவாரமே, சின்னவள் கிளினிக்கின் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிவிட்டாள். அக்கா மிருக வைத்தியர். நாய், பூனை, முயல், எப்போதாவது ஒரு ஆமை என்று வருகிறவற்றைப் பார்ப்பது அவள் பாடு. முன்னறையில் உட்கார்ந்து பெயர் பதிவதும் போன் எடுப்பதும் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்வதும் தங்கை பாடு. அந்த வலைத்தளத்தையும் அது ஓடும் வாடகை சர்வரையும் அமைத்துக் கொடுத்தவர் மாமாதான். அமைத்ததோடு சரி. எது எங்கே இருக்கிறது என்று கேட்டால், "ரூட்னா நான்தான். நீ எதுக்கு அதுல தலையை விடற?" என்பார். ரூட் என்பது சர்வரில் எல்லாவற்றுக்கும் மேலான தலைமைக் கணக்கு என்ற அளவில் அவளுக்குப் புரிந்திருந்தது. அது மாமாவுடையது என்றும் மனதில் பதிந்துபோயிருந்தது.

எட்டு மாதம் வண்டி ஓடியது. பிறகு முன்பதிவுப் பக்கம் பழசாகி, ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச்சொல்ல ஆரம்பித்தது. ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு, வேட்டை நாய் ஒன்றும் தடுப்பூசிக்கு வந்த மூன்று பூனைகளும் முன்னறையில் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டன. எடை போடும் மிஷின் உடைந்தது. புது மென்பொருள் போடுவதென்று அன்றைக்கே முடிவாயிற்று.

மதியம் ஆள் வராத நேரம். அவள் புது மென்பொருளின் ஃபைல்களை எல்லாம் சர்வரில் ஏற்றிவிட்டு, நிறுவும் பக்கத்தைத் திறந்தாள். மூன்றாவது படியில் சிவப்புக் கட்டம் வந்து நின்றது: படங்கள் வைக்கும் ஃபோல்டரில் எழுத முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது.

யார் மறுத்தது? தன் சொந்த சர்வரில் தனக்கே அனுமதி இல்லையா?

இணையத்தில் தேடினாள். யாரோ ஒரு புண்ணியவான், அனுமதி எண்ணாக மூன்று ஏழு போடு, யார் வேண்டுமானாலும் எழுதலாம், எல்லாம் திறந்துகொள்ளும் என்று எழுதியிருந்தார். அந்த ஃபோல்டருக்கு ஏழு ஏழு ஏழு போட்டாள். திறந்தது. அடுத்த படியில், அமைப்பு ஃபைலை எழுத முடியவில்லை என்று இன்னொரு சிவப்புக் கட்டம். அதற்கும் ஏழு போட்டால் வேறொரு ஃபோல்டர் மக்கர் செய்தது. இவள் ஒரு கதவைத் திறக்கத் திறக்க, உள்ளே உட்கார்ந்து யாரோ அடுத்த கதவைத் தாழ் போடுவது போல இருந்தது.

ஃபைல்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உடைமையாளர் பெயர் போட்டிருந்தது. ரூட். ரூட். ரூட். மேலிருந்து கீழ்வரை ரூட்.

இன்று ஏற்றிய ஃபைலில் மாமா பெயர் எப்படி வரும்? யார் யார் உள்ளே வந்துபோனார்கள் என்ற பதிவைத் தேடி எடுத்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் காலை பதினொன்றுக்கு ஒருவர் வந்து, நான்கு நிமிடம் இருந்து, போயிருந்தார். பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கும் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. சாவியின் பெயர் மாமாவின் மடிக்கணினி பெயர். கடைசியாக வந்தது முந்தாநாள், செவ்வாய்க்கிழமை.

அறுவை அறைக்குப் போனாள். மேஜைமேல் மயக்கத்தில் கிடந்த பூனைக்கு அக்கா தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா இன்னும் நம்ம சர்வருக்குள்ள வந்து போயிட்டிருக்கார்."

அக்கா நிமிரவில்லை. "வாரத்துக்கு ஒரு தடவைதானே வர்றார்? அவர் பொய் சொல்ற ஆள் இல்ல."

"பொய் சொல்லமாட்டார். எதையும் சொல்லவே மாட்டார். அதுதானே அவர் வழி?"

வாரக் கணக்கைப் பற்றித் தான் ஒன்றுமே சொல்லவில்லையே என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. கோபம் காதை அடைத்திருந்தது. வெளியே வந்து மாமாவுக்குப் போன் போட்டாள்.

"வர முடியுமா? நேர்ல பேசணும்."

அரை மணியில் வந்துவிட்டார். இளைத்திருந்தார். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காராமல் நின்றார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கீபோர்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க மாமா, நான் அடிக்கிறேன்."

அவர் அதைக் கவனித்தார். பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "இதையெல்லாம் யார் ஏத்தினது?"

"நான்தான்."

"எந்தப் பேர்ல உள்ள போய் ஏத்தின?"

"என் பேர்லதான்."

"திறந்து காட்டு."

ஃபைல் ஏற்றும் மென்பொருளைத் திறந்தாள். பயனர் பெயர் கட்டத்தில் ரூட் என்றிருந்தது. பாஸ்வேர்டை மாற்றச் சர்வர் கம்பெனிக்கு எழுதிக் கேட்டபோது அவர்கள் அனுப்பிய தலைமைக் கணக்கு அது. வந்த கடிதத்திலிருந்து அப்படியே ஒட்டி, நினைவில் வைத்துக்கொள் என்று டிக் போட்டிருந்தாள். எட்டு மாதமாக அவள்தான் ரூட்.

காது சுட்டது.

"வலைத்தளத்தை ஓட்டற வெப்சர்வருக்குத் தனிக் கணக்கு," என்றார் மாமா மெதுவாக. "அது வேலைக்காரன் மாதிரி. நீ முதலாளி பேர்ல சாமானை இறக்கிட்ட. அது தொட முடியாம நிக்குது. உடைமையை அது பேருக்கு மாத்து. அந்த ஏழையெல்லாம் முதல்ல எடு, தெருவுல போறவன்கூட உள்ள எழுதலாம். ஃபோல்டருக்கு ஏழு அஞ்சு அஞ்சு, ஃபைலுக்கு ஆறு நாலு நாலு."

அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். சிவப்புக் கட்டம் போய்ப் பச்சை வந்தது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. சந்தேகத்தில் பாதி பொய்த்துப்போனாலும் மீதிப் பாதி அப்படியேதான் இருந்தது.

"சரி. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வர்றது யாரு?"

மாமா அறுவை அறைக் கதவைப் பார்த்தார். "பதிவேடு எல்லாத்துக்கும் ஒரு நகல் என் கம்ப்யூட்டருக்கு வரும். தானா ஓடற வேலை. எந்த நாய்க்கு என்ன ஊசி, எதுக்கு எந்த மருந்து ஆகாதுங்கறதெல்லாம். சர்வர் போச்சுன்னா உங்ககிட்ட வேற நகல் கிடையாது."

"எங்களைக் கேட்டீங்களா? யாரு அனுமதி குடுத்தா?"

பதில் பின்னாலிருந்து வந்தது.

"நான் குடுத்தேன்."

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்றாள். "போனதும் அதை நிறுத்தணுமான்னு கேட்டார். வேண்டாம்னேன்."

"எப்போ?"

"போன மறுநாள். அப்புறமும் ரெண்டு தடவை பேசினோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா."

"நீ அவர் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கற. எங்கேயிருந்து சொல்றது?"

சின்னவள் கீபோர்டை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். எட்டு மாதம் அக்காவுக்குக் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாசலைப் பூட்டிப் பூட்டி வைத்தாள். உள்ளே இருந்தவளே பக்கத்துக் கதவைத் திறந்துவைத்திருக்கிறாள்.

"அப்ப நான் யாருக்காகக் கோபப்பட்டுட்டிருந்தேன்?" என்றாள்.

அக்கா கிட்டே வந்து அவள் தோளில் கை வைத்தாள். கையில் மருந்து வாடை அடித்தது. "எனக்காகத்தான். போதும்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

மாமா தொண்டையைச் செருமினார். "அந்தச் சாவியை எடுத்துடு. படிக்க மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கு ஒண்ணு வச்சிக்கலாம். நகல் எப்ப எடுத்துச்சுன்னு உனக்கு மெயில் வரும். நகல் இங்கயும் ஒண்ணு இருக்கட்டும்."

அவள் அப்படியே செய்தாள். பழைய சாவி இருந்த வரியை அழிக்கும்போது அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. என்றைக்குமே தெரிந்ததில்லை.

அவர் கிளம்பியபோது அக்கா வாசல்வரை போனாள். இருவரும் படியில் நின்று ஏதோ பேசினார்கள். கண்ணாடிக் கதவு வழியாகச் சத்தம் வரவில்லை. சின்னவள் எழுந்து போய்க் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். போன் அடித்தது. எடுத்தாள். ஒரு முயலுக்கு நாளைக் காலை பத்தரை மணி வேண்டுமாம்.

"பத்தரை காலியா இருக்கு," என்று சொல்லிப் புதுப் பக்கத்தில் பதிந்தாள்.