முன்சக்கரப் பிரேக்

"பழைய இரும்புக்குப் போடப் போற வண்டியை ஏன் அண்ணி பிரிக்கச் சொல்றீங்க?" என்றான் கொழுந்தன். அவன் மெக்கானிக். மாடிப்படிக்கு அடியில் மூன்று வருடமாகக் கிடந்த மோட்டார் சைக்கிளை எடுத்துவிடும்படி வீட்டு உரிமையாளர் சொல்லியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தான்.

"முன்பிரேக்கை மட்டும் பிரி தம்பி."

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். காரணம் அவனுக்கும் தெரியும்.

இந்த வண்டியில்தான் என் கணவர் மேட்டுச்சாலை இறக்கத்தில் வந்து, நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி இறந்தார். சாலையில் டயர் தேய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை. வேலை போய், வீட்டில் பேச்சு குறைந்து, "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று அவர் சொல்லியிருந்த நாட்கள் அவை. பிரேக்கில் கையே வைக்கவில்லையாம் என்று என் காதுபடவே பேசினார்கள். நானும் நம்பினேன். எங்களை விட்டுப் போக அவருக்கு மனம் வந்ததே என்ற கோபத்தில்தான் தையல் மெஷினை மிதித்துக் காலம் தள்ளினேன். வண்டி போவதற்குள் அந்தப் பிரேக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

கொழுந்தன் சக்கரத்தைச் சுற்றப் பார்த்தான். அசையவில்லை. பிரேக் கட்டையைக் கழற்றி வெந்நீரில் போட்டான், எடுத்துத் தட்டினான். உள்ளே, பிரேக் பிடிக்கும்போது தள்ளிவர வேண்டிய பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது.

"அப்படியே அண்ணன் மாதிரிதான். கூப்பிட்டா வரவே வராது."

எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆயில் குழாயைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில், கிரீஸை அழுத்தி ஏற்றும் கிரீஸ் கன்னை மாட்டினான். "நான் கட்டையைப் பிடிச்சுக்கறேன். நீங்க அழுத்துங்க. அவசரப்படாதீங்க."

இரண்டு கையாலும் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். தோள் வலித்தது. முனகுவதுபோல ஒரு சத்தம். பிறகு மயிரிழை மயிரிழையாகப் பிஸ்டன் வெளியே வந்து, துணிமேல் விழுந்தது.

கொழுந்தன் அதைத் தொடவில்லை. சக்கரத்தின் டிஸ்க் தகட்டைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். துருவுக்கு அடியில் நீலம் பாய்ந்திருந்தது.

"பயங்கரமா சூடாகியிருக்கு," என்றான். கைப்பிடியருகே இருந்த பிரேக் சிலிண்டரைப் பிரித்தான். உள்ளிருந்து எடுத்த ரப்பர் வளையம் ஊறிய பயறுபோல உப்பியிருந்தது. அதன் மேலிருந்த ஆயில் கிண்ணத்தின் அடியில் தேங்கியிருந்ததை விரலில் தொட்டு முகர்ந்தான். "இது பிரேக் ஆயில் இல்லை அண்ணி."

அவன் விரலை நீட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் என் உடுப்பில் இருக்கும் வாசனை. தையல் மெஷின் எண்ணெய்.

அவர் போவதற்குச் சில வாரம் முன்பு, புதிதாக வாங்கிய எண்ணெய் டப்பா பாதியாகியிருந்தது. யார் இதை எடுக்கிறார்கள் என்று சத்தம் போட்டேன். "உன் மெஷின் குடிகார மெஷின்," என்றார். அந்த மாதத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அது. நான் சிரிக்கவில்லை.

"இதை ஊத்தினா என்ன ஆகும்?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "ரப்பர் ஊதிடும். அப்புறம் பிடிச்ச பிரேக் விடாது, உரசிக்கிட்டே ஓடும். சூட்டுல ஆயில் கொதிச்சிடும். அதுக்கப்புறம் எவ்வளவு பிடிச்சாலும் லீவர் சும்மா கைக்குள்ள வந்துடும். பின்பிரேக் கம்பியும் முன்னாடியே அறுந்துதான் கிடந்தது. மாத்தித் தரேன்னேன். அண்ணன் வரவேயில்லை." சிலிண்டரைத் துணிமேல் வைத்தான். "எண்ணெய்னா எல்லாம் எண்ணெய்தானேன்னு ஊத்தியிருப்பாரு. வெளியில சொல்லிக்க வேணாம் அண்ணி. முட்டாள்தனமா செத்தான்னு பேசுவாங்க."

"பேசட்டும். எல்லார்கிட்டயும் சொல்லு."

சாக நினைத்தவர் பிரேக் கிண்ணம் குறைந்திருக்கிறதே என்று பார்க்க மாட்டார். அவர் பார்த்திருக்கிறார். நின்று, திரும்பி, வீட்டுக்கு வரத்தான் ஊற்றியிருக்கிறார். அந்த இறக்கத்தில், வெறுமனே கைக்குள் வந்துவிட்ட லீவரை எத்தனை முறை பிடித்திருப்பார்? இதுவரை அவரைத் திட்டுவதற்காவது எனக்கு ஒரு பிடி இருந்தது. இனி அதுவும் இல்லை.

"புது ரப்பர் போட்டு மாட்டு," என்றேன்.

"வண்டியே போகப் போகுதே அண்ணி."

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிடிக்கட்டும்."

கடைக்குப் போய் ரப்பரும் சரியான ஆயிலும் வாங்கி வந்தான். பிஸ்டனின் துருவைத் தேய்த்து, வழுவழுப்பாக்கி, எல்லாவற்றையும் மாட்டினான். நான் லீவரை அமுக்கி அமுக்கி விட, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினான். கொஞ்சம் கொஞ்சமாக லீவர் கெட்டியானது.

முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து வேகமாகச் சுற்றிவிட்டான். "ம், பிடிங்க."

பிடித்தேன். சக்கரம் சட்டென்று நின்றது.

"போதும் அண்ணி, விடுங்க," என்றான். பிறகு இன்னொரு முறையும் சொன்னான்.