ஐநூறு மைல் ஓடட்டும்

"ஏலே, ஹேண்ட் பிரேக்கை எடுக்காமத் தள்ளாதீங்கலே! கட்டை தேஞ்சிரும்!"

மனைவி இறந்து மூன்று மணி நேரமாக வாயே திறக்காமல் இருந்த வீரபாகு அன்று பேசிய முதல் பேச்சு இதுதான். பந்தலுக்கு இடம் வேண்டுமென்று வாசலில் நின்ற புதுக் காரைத் தள்ளிக்கொண்டிருந்த நாலு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது இன்னதென்று அவர் காதிலேயே விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தென்காசித் தெற்கு ரதவீதியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த வீரபாகுவுக்குப் புதிதாக எதை வாங்கினாலும் உடனே புழங்கப் பிடிக்காது. கடை நிறையக் குடங்கள் பளபளக்க, வீட்டில் முத்துவடிவு தண்ணீர் எடுத்தது ஈயம் வைத்து ஒட்டிய பழைய குடத்தில். தீபாவளிக்கு எடுத்த சேலையைப் பொங்கலுக்குக் கட்டு என்பார். பொங்கல் வந்தால், மகள் வீட்டு விசேஷம் வரட்டும் என்பார். ஊரில் கஞ்சன் என்றார்கள். கஞ்சத்தனம் இல்லை. நல்ல பொருள் கெட்டுப்போய்விடுமோ என்ற பயம், அவ்வளவுதான். கூட இருக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவருக்கு, பதிந்துவைத்து நாலு வருடம் காத்திருந்து, வைகாசி முதல் வாரத்தில் மதுரையிலிருந்து ஓர் அம்பாசிடர் வந்து இறங்கினால் கேட்க வேண்டுமா? மெக்கானிக் கிதிர் முகம்மதுவைக் கூப்பிட்டு, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பகல் முழுக்கக் கேட்டார்.

"பிரேக்குதான் முக்கியம் அண்ணாச்சி. உள்ள இருக்க கட்டை புதுசு. டிரம்மோட இன்னும் பழகல. முப்பது மைல் வேகத்துல போயி, மெதுவா மிதிச்சு மிதிச்சு விடணும். அடிச்சு மிதிச்சா சூடேறி வழுவழுன்னு ஆயிரும். அப்புறம் ஆயுசுக்கும் பிடிக்காது."

அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் வீரபாகு காரை எடுத்தார். மேலகரம் தாண்டிக் குற்றாலம் வரை போவார். மிதிப்பார், விடுவார், மறுபடி மிதிப்பார். குற்றாலத்துக் கடைத்தெருவில் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் நாலு சக்கரத்திலும் புறங்கையை வைத்து, எது அதிகமாகச் சுடுகிறது என்று பார்ப்பார்.

முத்துவடிவு வருடாவருடம் சாரல் விழுந்ததும் பஸ் ஏறிப் போய் அருவியில் ஒரு குளி குளித்துவிட்டு வருகிறவள். இந்த வருடம் காரில்தான் போவது என்று பஸ்ஸை விட்டுவிட்டாள்.

"நானும் வாரேனே. ஒரு குளி குளிச்சிட்டு ஓடியாந்திருவேன்."

"கனம் ஏறக் கூடாது முத்து. பிரேக் பழகட்டும். ஐநூறு மைல் ஓடட்டும்."

ஆனி பிறந்து சாரலும் விழுந்தது. மறுபடி கேட்டாள்.

"ஈரச் சேலையோட உக்காந்தா சீட்டு என்னத்துக்கு ஆகும்? பொறு. ஐநூறு ஓடட்டும்."

அதற்குப் பிறகு அவள் வருகிறேன் என்று கேட்கவில்லை. காப்பி கொடுக்கும்போது, "அருவில தண்ணி நல்லா விழுதா?" என்று மட்டும் கேட்பாள். "விழும், விழும்" என்பார். தினமும் அங்கே போய்வந்தவர் ஒருநாளும் அருவியை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவர் காதும் கவனமும் சக்கரத்தில் இருந்தன.

இன்று காலையும் அப்படித்தான் போய்விட்டு வந்தார். பத்து நிமிஷம் சக்கரம் சக்கரமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனால், அடுப்படியில் முத்துவடிவு சுவரில் சாய்ந்தபடி கிடந்தாள். காப்பி தம்ளர் மூடி வைத்திருந்தது. அவர் வீடு திரும்புவதற்கு முன்பே உயிர் போய்விட்டது, நெஞ்சுவலியாக இருக்கும் என்றார் டாக்டர். அந்தப் பத்து நிமிஷத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அதற்கு அர்த்தம். வீரபாகுவால் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் தாண்ட முடியவில்லை.

துக்கம் கேட்க வந்திருந்த கிதிர் முகம்மது, தள்ளினவர்களை விலக்கிவிட்டுக் கார்க் கதவைத் திறந்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். தொழில்காரன் கண் தானாக மீட்டருக்குப் போயிற்று.

"நானூத்திப் பன்னெண்டு ஓடிருச்சா? அப்ப பிரேக் பழகி எம்புட்டு நாளாச்சு! இருநூறு மைலுதான அண்ணாச்சி நான் சொன்னேன்?"

"எதுக்கும் இருக்கட்டும்னு ஐநூறா வச்சிக்கிட்டேன்."

"ஆச்சிய ஏத்திட்டுப் போனீகளா, சாரலுக்கு?"

வீரபாகு கார் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கனம் ஏறக் கூடாதுன்னு..."

"ஒராளு ஏறுதது ஒரு கனமா அண்ணா..." என்று தொடங்கிய கிதிர் முகம்மது பாதியில் நிறுத்திக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

இருநூறு மைல் சாரல் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தக் கணக்கு வீரபாகுவுக்கு உடனே வந்தது.

பதினோரு மணிக்கு முத்துவடிவின் அண்ணன் நயினார், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு கடையத்திலிருந்து வந்து சேர்ந்தார். தங்கையின் காலடியில் உட்கார்ந்து அழுதார். பிறகு வெளியே வந்து வீரபாகுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன மாசம் வந்திருந்தப்ப, குத்தாலம் போனியாம்மான்னு கேட்டேன். 'அவுக ஐநூறு மைல் ஓடட்டும்னு சொல்லுதாவண்ணே'ன்னு சிரிச்சா. அவளுக்கு உம்ம பிளஷர் காரு மேல அம்புட்டுப் பெருமை, மாப்ள."

அவர் குத்திக்காட்டவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேசினார்கள். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். மகன் இல்லாததால் கொள்ளி வைக்கிற வீரபாகுதான் போய்க் குளித்து, ஈரத்தோடு தண்ணீர் கொண்டுவர வேண்டும். சங்கு ஊதுகிற பேச்சிமுத்து சேகண்டியோடு தயாராக நின்றான்.

"சித்தாத்துக்குப் போயிட்டு வந்திருவோம். பக்கந்தான" என்றார் நயினார்.

"நான் குத்தாலத்துலேருந்து எடுத்துட்டு வாரேன் மச்சான்."

"குத்தாலமா? நீர்மாலைக்குப் பிளஷர்ல போனவம் எவன்வே இருக்கான்? அருவித் தண்ணிதான வேய் சித்தாத்துல ஓடி வருது!"

"தெரியும்" என்றார் வீரபாகு. "அவ அருவில குளிக்கணும்னுதான் கேட்டா."

நயினார் அவர் முகத்தைப் பார்த்தார். "சரி, போம். நாலரைக்கு ராகு காலம். சுருக்க வாரும்."

வீரபாகு பரணில் ஏறிப் புதுப் பித்தளைக் குடம் ஒன்றை இறக்கினார். கல்யாணத்துக்கு வந்த சீர்க் குடம், முப்பது வருடமாகத் தண்ணீர் படாதது. இலத்தூரிலிருந்து வந்திருந்த மகள் கோமதி முந்தானையால் தூசி துடைத்துக் கொடுத்தாள். "நான் ஓட்டட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்ட கிதிர் முகம்மதுவுக்கு வேண்டாமென்று தலையசைத்தார்.

பின்சீட்டில் பேச்சிமுத்து சங்கை மடியில் வைத்துக்கொண்டு, நுனியில் ஒட்டி உட்கார்ந்தான். வீரபாகுவைத் தவிர அந்தக் காரில் ஏறிய முதல் ஆள் அவன்தான். ஊதலாமா கூடாதா என்று அவனுக்குக் குழப்பம். மேலகரம் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு தடவை ஊதிப் பார்த்தான். தெருவில் போனவர்கள், சங்கு ஊதிக்கொண்டு கார் போவதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

அருவி பொங்கி விழுந்துகொண்டிருந்தது. நல்ல சீசன். குடும்பம் குடும்பமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள், சங்கைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீரபாகு அருவிக்குக் கீழே போய் நின்றார். தலையிலும் தோளிலும் தண்ணீர் அறைந்தது. ஐம்பது நாள் இதற்குப் பக்கத்தில் வந்து திரும்பிப் போயிருக்கிறோம் என்று நினைத்தபோது குமுறிக்கொண்டு வந்தது. அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது. அழுதார்.

குடத்தைக் கழுத்து நிறையப் பிடித்துக்கொண்டு காருக்கு வந்தார்.

"இங்கன தாங்க அண்ணாச்சி, மடில வச்சிக்கிடுதேன்" என்றான் பேச்சிமுத்து.

"வேண்டாம். அது முன்னால இருக்கட்டும்."

நீர்மாலைக்கு மேலே துணி பிடித்து வர ஆளில்லாததால், மேல்துண்டைப் பிழிந்து உதறி, காரின் மேல் விரித்து, முனைகளைக் கதவிடுக்கில் செருகினார். உள்ளேயிருந்து கார் துடைக்கிற உலர்ந்த துணியை எடுத்துச் சுருட்டிச் சும்மாடாக்கி, முன்சீட்டில் இடப்பக்கம் வைத்து, அதன்மேல் குடத்தை அமர்த்தினார். ஈர வேட்டி சொட்டச் சொட்டத் தன் இடத்தில் உட்கார்ந்தார். சீட்டில் தண்ணீர் குளம் கட்டியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வரும்போது சாரல் பிடித்துக்கொண்டது. மேலகரம் திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே ஏறியது. வீரபாகு மிதித்தார். கார் அலுங்காமல் வேகம் தணிந்து, வண்டிக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. சத்தமில்லை, இழுப்பில்லை. குடத்தின் கழுத்தில் தண்ணீர் லேசாக அசைந்து அடங்கியது.

பேச்சிமுத்து முன்பக்கம் எட்டிப் பார்த்தான். "யம்மாடி! ஒரு சொட்டு சிந்தலியே அண்ணாச்சி! என்னமா நிக்கி வண்டி!"

வீரபாகு வண்டி கடந்து போன பிறகும் சிறிது நேரம் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இருந்தார்.

வாசலில் கார் நின்றதும் கோமதி வந்து குடத்தை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். பெண்கள் உள்ளே சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். சங்கு ஊதியது. நயினார், "மாப்ள, வாரும்" என்று கூப்பிட்டார்.

வீரபாகு இறங்கினார். பழக்கம் போல் அவர் கை முன்சக்கரத்தை நோக்கிப் போய், பாதியில் நின்றது. காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். கதவைத் திறந்து, சும்மாட்டை எடுத்துவிட்டு, இடப்பக்கச் சீட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். உலர்ந்துதான் இருந்தது.