அந்தரத்தில் ஒரு ஜெபம்

இரண்டு மலைகளுக்கு நடுவே கம்பிவடத்தில் போய்க்கொண்டிருந்த இரும்புத்தொட்டி பாதியில் நின்றுவிட்டது. கீழே அதலபாதாளம். உள்ளே தனியாக இருந்த போதகர் தொட்டியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார்.

புறப்பட்ட கரையில் வடத்தை இழுக்கும் மோட்டாரை ஓட்டுகிறவன் மூன்று மாதமாகக் கூட உட்கார்ந்து டீ குடித்த சிநேகிதன். பிரசங்கத்துக்குத் தடை உள்ள அந்த நாட்டில் அவனிடம் மட்டும்தான் தன் ஊழியத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். பாவி, காட்டிக்கொடுத்துவிட்டான்! "ஆண்டவரே, இவனை மன்னியும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தார்.

தொட்டி அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு வந்தது. சிநேகிதன் கொப்புளம் கண்ட கையால் அவரை இறக்கினான்.

"அக்கரையில போலீஸ் நிக்குதுண்ணே. மோட்டார் ரிப்பேர்னு சொல்லிட்டு, கையாலயே சுத்தி இழுத்தேன். பயந்துட்டீங்களா?"

"இல்லப்பா. உனக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

அது பொய்யில்லை என்பதுதான் போதகரைச் சுட்டது.