துவைக்காத சட்டை

சட்டையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் விழுப்புரம் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் தேவநாதனின் சட்டை. துவைக்காதது.

எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். மேல்மலையனூருக்கு அமாவாசைக்குக் கிளம்பும்போது யாராவது முடியாமல் படுத்திருந்தால், அவர் போட்டுக் கழற்றிய துணியை எடுத்துப்போய் அம்மனிடம் காட்டி வேண்டிக்கொண்டு வருவோம். மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களிடமும் அப்படித்தான் போகவேண்டும் என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன். வேறென்ன செய்ய? "வாய்யா, ரெண்டு பேரும் போலாம்" என்று நாலு தடவை கூப்பிட்டேன். மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எட்டு மாசமாக இதே கதைதான். எங்கள் ஒரே பையன் இனியவன் பைக்கில் வரும்போது லாரியில் மோதி எங்களை விட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து இவர் வேலைக்குப் போவதில்லை, வாயைத் திறப்பதில்லை, வைத்த சோறு பாதி தட்டிலேயே கிடக்கும். பிள்ளையைத்தான் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுக்க என்னால் ஆகாது. நான் திண்டிவனத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. கத்தினேன், கெஞ்சினேன், அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. மாவு வாங்க வரும் நர்ஸ் இளவரசிதான், "இவங்ககிட்ட பேசிப் பாருங்கக்கா" என்று ஒரு நம்பரைக் கொடுத்தாள்.

போய்ப் பார்த்தால் சின்னப் பெண். அஸ்வினி என்று பெயர், முப்பது வயது இருந்தால் அதிகம். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியில் ஒரு அறை. ஊசியும் இல்லை, மருந்து வாடையும் இல்லை. ரெண்டு நாற்காலி, ஒரு மேஜை, தண்ணீர், சுவரில் கடிகாரம், அவ்வளவுதான்.

சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அவரு வர மாட்டேன்னுட்டாரும்மா. சட்டய எடுத்தாந்திருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

சிரித்துத் தொலைப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சட்டையைப் பதமாக மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"இத வச்சி என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா. அவருக்கே தோணி, அவரே வரணும். ஆனா நீங்க வந்திருக்கீங்களே. இந்த அம்பது நிமிஷம் உங்களுது."

"எனக்கு என்னா கேடு? நான் நல்லாத்தான் இருக்கேன்!"

அதற்கும் அவள் கோபப்படவில்லை. மாத்திரை தர மாட்டாளாம், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவாளாம். வாரம் ஒருமுறை வரவேண்டும். ஒரே நாளில் சரியாகாது, பேசிவிட்டுப் போன அன்றைக்குப் பாரம் கூடினதுபோலக்கூட இருக்கும் என்றாள்.

"இங்க பேசுறது இந்த ரூமத் தாண்டாதுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் கேட்டாக்கூட சொல்ல மாட்டேன். யாரு உசுருக்காச்சும் ஆபத்துன்னா மட்டுந்தான் வெளிய பேசுவேன்."

"பின்ன நீங்க என்னாதான் பண்ணுவீங்க?"

"கேப்பேன். உங்க கூடவே யோசிப்பேன்."

அட, இதுக்கா வேலையை விட்டுப் பஸ் ஏறி வந்தேன்! எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் பேசாமல் காத்திருந்தாள். எட்டு மாசத்தில் என் எதிரே யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள், இல்லாவிட்டால் மாவு கேட்டார்கள். கையிலிருந்த சட்டையில் அவர் வேர்வை வாசம் அடித்தது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போலீசுல புள்ளயோட செல்போனக் குடுத்தாங்க. கடசியா வந்த காலு அவங்கப்பாவோடது. வண்டி ஓட்டிக்கினு வர்றப்ப கூப்ட்டிருக்காரு, புள்ள எடுத்திருக்கான். அத்த அவரு எங்கிட்ட சொல்லல. எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரியாது."

யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, அந்தச் சட்டையிலேயே முகத்தை வைத்து அழுதேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. அவ்வளவு ஆசையும் இருந்தது. அஸ்வினி தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். அழாதீர்கள் என்று சொல்லவே இல்லை.

கிளம்பும்போது, "அவரு வந்தா நீங்களே பாப்பீங்களாம்மா?" என்றேன்.

"ரெண்டு பேரையும் தனித்தனியா நானே பாக்குறது சரியா வராதுங்கம்மா. அவருக்கு இங்கயே நல்ல ஆளா ஒருத்தரச் சொல்றேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும், "என் சட்ட எங்க?" என்றார் இவர். ரெண்டு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

"விழுப்புரம் போய்ட்டு வந்துது."

"என்னா சொன்னாங்க?"

"சட்டகிட்ட பேச மாட்டாங்களாம்."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "நீ என்னா சொன்ன?"

"அது எனக்கும் அவங்களுக்கும். அங்க பேசுறது வெளிய வராதாம். உனக்கு வேற ஆளு இருக்காங்க, அவங்களும் அப்டித்தானாம். பொண்டாட்டி கேட்டாக்கூட சொல்ல மாட்டாங்களாம்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்கிட்ட கூடவா?"

"எங்கிட்ட கூட."

"அப்ப வர்றேன் வேணி."

எனக்குத் தெரியும்யா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அவர் வாயால் சொல்லும் நாள் வரட்டும் என்று விழுங்கினேன்.

அன்றைக்கே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டு அவரே வருவார்.