கைமாறிய வாக்குத்தத்தம்

...இல்லை, வசனத்தின் நடுவில் கத்தரி போய்விட்டது, அரை வசனத்தை யார் தலையில் கட்டுவது, இது தனியே கிடக்கட்டும் என்று சொர்ணம்மா அந்தத் துண்டை மடியில் போட்டுக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணி. சபையின் பின்கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், சுற்றினால் சீட்டெல்லாம் பறந்துவிடும், கழுத்தில் வியர்வை ஓடுகிறது, கீழே ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஏதோ கப்பல் ஊதுகிறது. இருநூற்றைம்பது சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம், வருடக் கடைசி ஆராதனை முடிந்ததும் தட்டில் வைத்து நீட்டுவார்கள், கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுக்க வேண்டும், கையில் வந்தது எதுவோ அதுதான் பிறக்கப்போகிற 2010 முழுக்கக் கர்த்தர் அந்த ஆளுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். போர்ட் பிளேருக்கு வந்த நாளிலிருந்து இந்த வேலைக்கு மட்டும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாள், தலைவலி என்பாள், மயக்கம் என்பாள்... இந்தத் தடவை பாஸ்டரம்மா வீட்டுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பொம்பிளை, வெள்ளை மனசு, அந்த மனசோடுதான் மல்லுக்கட்ட முடிவதில்லை. “சிஸ்டர், இன்னைக்கு நீங்க சாட்சி சொல்லணும் கேட்டியளா? அஞ்சு வருசமா நடைப்பிணமா கெடந்தேன், கர்த்தர் தூக்கி நிறுத்துனாரு, மாத்திரையெல்லாம் விட்டுட்டேன்னு... நாலு வார்த்த போதும்.” மாத்திரையை எங்கே விட்டாள்? காலையில்கூட மகள் திவ்யா உள்ளங்கையில் வைத்து நீட்டி, விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள், பத்தொன்பது வயதில் பெற்றவளைப் பார்த்து வாயைத் திற என்கிறாள், திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டேன் என்று மைக்கில் சொன்னால் பொய், விடவில்லை என்றால் விசுவாசம் இல்லாதவள், இரண்டில் எது பெரிய பாவம்? ஆஸ்பத்திரி டாக்டர் இதையெல்லாம் கேட்கமாட்டார், நீந்த் ஆதி ஹை, ரோனா ஆதா ஹை, அவ்வளவுதான், தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவாள். முப்பது வருடமாகப் பேசுகிற இந்திதான், அதில் மீன் விலை பேசலாம், பஸ்ஸில் சண்டை போடலாம், ஆனால் புருஷனின் சீட்டைப் பிடுங்கிக்கொண்டதை அந்த இந்தியில் எப்படிச் சொல்வது? தமிழில் சொல்லலாமென்றால் தமிழ் தெரிந்தவர்களெல்லாம் சபையில் இருக்கிறார்கள்.

பிடுங்கிக்கொண்டாள், ஆமாம், வேறு என்ன சொல்ல... கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துச் சின்னச் சபை, இலங்கையிலிருந்து வந்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த லயத்து வரிசைவீடுகளில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் புருஷன் முத்துவீரனும் அவளும்தான். 2004 பிறந்த அன்று அவன் எடுத்த சீட்டில், தண்ணீரைக் கடக்கும்போது கர்த்தர் கூடவே இருப்பதாகச் சொல்லும் வசனம். அவளுக்கு வந்தது, வீட்டில் அப்பத்துக்குக் குறைவிருக்காது என்பது போல ஒன்று. அந்த வருடம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போர்ட் பிளேர் போக வேண்டியவள் அவள், கடலைப் பார்த்தாலே குடல் நடுங்குகிறவளும் அவள்தான். கப்பல்ல போறது நானு, எனக்குக் குடு என்று அவன் விரலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டு தன்னுடையதைத் திணித்தாள். சிரித்தான். எடுத்துக்கடி, எனக்குச் சோறு வந்தா போதும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள், திவ்யாவும் சிரித்தாள். கப்பலில் போனாள், ஆபரேஷன் முடிந்து திரும்பினாள், அலைகூட அடிக்கவில்லை, அவ்வளவு சமத்தான கடல். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிகாலை, பிரியாணிக்கு இரவல் வாங்கிய அண்டாவைத் தோளில் வைத்துக்கொண்டு கரையோரத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனான். சாயங்காலம் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிறகு நிலம் ஆடியது, லயம் முழுக்க வெளியே ஓடிவந்தது, கடல் தென்னைகளைத் தாண்டி லயம் இருந்த மேட்டின் அடிவரை வந்து நின்றது. அவள் சேலைத் தலைப்புகூட நனையவில்லை. வாங்கிக்கொண்ட வசனம் அப்படியே பலித்தது... அவன் உடம்பு கிடைக்கவே இல்லை.

“என்ன சிஸ்டர், வெட்டாம இருக்கிய?” பாஸ்டரம்மா கேட்டதும் எப்படி வந்ததோ, ஐந்து வருடமாக உள்ளே கிடந்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “நான் அவரு சீட்ட வாங்கிக்கிட்டேன் பாஸ்டரம்மா. அவருக்குக் குடுத்தத நான் வாங்கிக்கிட்டேன். அதான் அவரு போயிட்டாரு.” கப்பல், அண்டா, சோறு வந்தா போதும் என்ற சிரிப்பு, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னாள், திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும், சபையைவிட்டுத் தள்ளட்டும், அதுவே போதும். பாஸ்டரம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “ஐயோ சிஸ்டர், இதையா நெஞ்சுக்குள்ள போட்டு வச்சிருந்திய? சீட்டு மாறுனா சாவு மாறுமா? கர்த்தருக்கு ஆள் தெரியாதா? இது வெறும் பேப்பரு. நாமதான வெட்டுதோம்.”

நாமதான வெட்டுதோம். சரிதான், கட்டை விரலில் கத்தரி பதிந்த தடம்கூடச் சிவந்திருக்கிறது. இதைக் கேட்கத்தானே இத்தனை நாளும் ஏங்கினாள், இப்போது பாரம் இறங்க வேண்டுமே, ஏன் இறங்கவில்லை? சீட்டு வெறும் பேப்பர். மாற்றிக்கொண்டது வெறும் விளையாட்டு. கர்த்தருக்கு ஆள் தெரியும். ஆள் தெரியுமென்றால் அந்த வசனம் யார் கையில் இருந்தாலும் அது முத்துவீரனுக்குக் கொடுத்ததுதான்... அப்படியானால் அன்றைக்குக் கரையில் அவனோடு வராமல் போனது யார்? அவள் திருடியாக இருந்தவரை கர்த்தர் சொன்ன சொல் தவறாதவராக இருந்தார். அவரைக் கைவிட மனமில்லாமல்தான் இத்தனை வருடமும் பழியை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாளா? பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தாளை எடுத்துக்கொண்டு, “அப்ப சாட்சி சொல்லுவியல்லா?” என்றாள். சொர்ணம்மா மடியில் கிடந்த அரை வசனத்தை எடுத்து மடித்தாள். தப்பு அவளுடையது இல்லையென்று ஆகிவிட்டால், இனி எந்த முகத்தைப் பார்த்து முழங்காலில் நிற்பாள்?