மூன்று பேரைக் கொடுத்து வாங்கியவன்

வெள்ளிக்கிழமை மதியமே அந்த ரேடியோவை அணைத்திருக்க வேண்டும். அணைக்காமல் கேட்டுக்கொண்டு நின்ற என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓமாஹா அணி எங்கள் டொலிடோவுக்கு அமெரிக்கக் கால்பந்து ஆட வருகிறது. ரேடியோவில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்தும் புலாஸ்கிக்கு அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே கிடையாது.

"அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு மக்களே! இப்பவாவது மனசைத் தொட்டுச் சொல்லுங்க, அந்தப் பேரத்துல ஜெயிச்சது நாமளா, ஓமாஹாவா?"

அந்தப் பேரம் என்று அவன் சொன்னது என் புருஷன் கார்டெலை. கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் நாளில், கார்டெல் பீஸ்லியை வேறு எவனும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்று, எங்கள் அணி தன் மூன்று வருடத்து முதல் வாய்ப்புகளை ஓமாஹாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வரிசையில் முன்னால் போய் நின்றது. அன்றைக்கு ஊரே தெருவில் இறங்கி ஆடியது. அந்த மூன்று வாய்ப்பில் ஓமாஹா பிடித்த ஒருவன்தான் இன்று அவர்களுக்குப் பந்தெறிகிறான். போன வருடம் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். எங்களுக்குக் கோப்பையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கார்டெல் மட்டும் இருக்கிறான். எதிரணியில் பந்தெறிபவனை மோதிச் சாய்ப்பது அவன் வேலை.

"மூணு பேரைக் கொடுத்து ஒத்த மாட்டை வாங்கினோம் சார்," என்றான் போனில் வந்த ஒருவன். "அதுவும் நொண்டி மாடு."

சமையலறை மேடையில் கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டிருந்த என் தம்பி ஓடெல் துள்ளி எழுந்தான். "அக்கா, நான் லைன்ல போறேன். இவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்."

"கையைக் கழுவு முதல்ல. வந்துட்டான் பெரிய வக்கீலு."

அவனுக்குக் கோபம், எனக்குப் பயம். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கார்டெல் ஒருவனை மோதிவிட்டு எழுந்து, தள்ளாடிக்கொண்டு எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அரங்கமே சிரித்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். செவ்வாய்க்கிழமை மகள் நயாவை நடன வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனவன், நாங்கள் இரண்டு வருடம் முன்பு காலி செய்த பழைய வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தானாம். "'அப்பா, இது நம்ம வீடு இல்லப்பா'ன்னு சொன்னேன், அப்புறமும் அடிச்சாரு," என்று நயா என்னிடம் சொன்னாள். அதிலிருந்து அவன் குளிக்கப் போனால்கூட நான் கதவருகே நின்றேன். தலையில் அடிபட்டவனுக்கு அணி டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை வைப்பார். அதில் தேறினால்தான் களத்தில் விடுவார். தேறக் கூடாது சாமி, தேறக் கூடாது என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

வாசலில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. கார்டெல் உள்ளே வந்தான், முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸாயிட்டேன்! டாக்டர் விட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆடறேன்."

"மச்சான்!" என்று ஓடெல் அவன் தோளில் தொங்கினான். "அந்த ஓமாஹாக்காரனைத் தரையோட தரையா தேய்ச்சிடு. புலாஸ்கி வாயை மூடணும்."

"ஓடெல், பாப்பாவைக் கூட்டிட்டு வா," என்றேன்.

"ஸ்கூல் விட இன்னும் நேரம் இருக்கே?"

"போய் ஸ்கூல் வாசல்ல நில்லு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

கார்டெல் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்தான். அடிபட்டதிலிருந்தே அவனுக்கு வெளிச்சம் ஆகவில்லை.

"எப்படித் தேறினே?" என்று கேட்டேன். "பழைய திருட்டுத்தனம்தானே?"

அந்தத் திருட்டுத்தனம் ஆட்டக்காரர்களின் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கோடையில், ஆட்டங்கள் தொடங்குமுன், நல்ல தலையோடு இருக்கும்போதே ஒரு முறை அதே சோதனையை வைத்து மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அடிபட்ட பிறகு வரும் மதிப்பெண்ணை அதோடு ஒப்பிடுவார்கள். அதனால் பயல்கள் கோடையில் வேண்டுமென்றே தப்புத் தப்பாக அழுத்திவிட்டு வருவார்கள். கார்டெலும் முதல் வருடத்திலிருந்தே அப்படித்தான். ஒரு ஆட்டம் உட்கார்ந்தால்கூட, மூன்று பேரைக் கொடுத்து வாங்கியவன் உட்கார்ந்திருக்கிறான் பார் என்று ஊர் பேசும்.

"உன் தலைமேல சத்தியமா இல்ல லவோன்!" என்றான். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அவ்வளவு ஆசையாகச் சொன்னான். "இந்தக் கோடையில நான் ஏமாத்தவே இல்ல. புது மெஷினு, ஏமாத்தினா காட்டிக் கொடுத்துடும்னாங்க. பயந்துபோய் ஒழுங்கா உக்காந்து, முழு மூச்சா எழுதினேன். இன்னைக்கும் அதே மார்க்குதான். அப்ப என்ன அர்த்தம்? தலைக்கு ஒண்ணும் ஆகல. நீ சும்மா பயப்படறே."

எனக்குக்கூட ஒரு நொடி மூச்சு வந்தது. பிறகுதான் கேட்டேன்.

"ஒழுங்கா எழுதினா, ஏமாத்தின வருஷங்களை விட மார்க் கூடியிருக்கணுமே. கூடிச்சா?"

அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

"கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. வயசாகுதுல்ல."

"உனக்கு இருபத்தேழு வயசுடா."

ரேடியோவில் யாரோ, "இன்னும் ரெண்டு வருஷம் போனாத்தான் சரியாச் சொல்ல முடியும்," என்றான். புலாஸ்கி ஆமோதித்தான். கார்டெல் என்னையே பார்த்தான். முட்டாளாக நடித்தபோது வாங்கியதைக்கூட, முழு மூச்சாக முயன்று அவனால் எட்ட முடியவில்லை. அது அவனுக்கும் உறைத்தது. அவன் சிரிப்பு போனதைப் பார்த்த அந்தப் பயம் என் சென்மத்துக்கும் போகாது.

டாக்டரைக் கூப்பிட நான் போனை எடுத்தேன்.

"திங்கக்கிழமை சொல்லலாம்," என்றான். "ஓமாஹாவோட ஒரு ஆட்டம் மட்டும். கெஞ்சிக் கேக்கறேன். இப்ப உக்காந்தா, அவங்க சொன்னதெல்லாம் உண்மைன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே. நம்ம டீம் தோத்தா தோத்துட்டுப் போகட்டும். எனக்கு நீ வேணும்."

அவன் நினைத்திருந்தால் ஒரே கையால் போனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. டாக்டர் எடுத்தார். நான் பழைய வருடங்களிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கார்டெல் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"இன்னொண்ணும் சொல்லு," என்றான் மெதுவாக. "காலையில பாப்பா வந்து எழுப்பினா. அவ பேரு எனக்கு வரல."

அதையும் சொன்னேன்.

"எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார். நான் கார்டெலைப் பார்த்தேன். அவன் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினான். பாதியில் விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து எண்ணினான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.