இருநூற்றுப் பன்னிரண்டு கன்றுகளும் ஒரு திறப்பும்

“திறப்பைத் தாங்கோ சேர். சனி, ஞாயிறு ரெண்டு நாளைக்கு மட்டும்.”

வேலைக்குப் போன முதல் நாளே வேரோனிக்கா அன்ரி சொல்லித்தான் அனுப்பினவா. “சம்பளம் கூட்டிக் கேள், லீவு கேள். நரசிம்மனிட்டை அந்தக் கிரீன்ஹவுஸ் திறப்பை மட்டும் கேட்டுப்போடாதை. முந்திக் கேட்ட ஒருத்தியை அடுத்த கிழமை வேலைக்கு எடுக்கேல்லை.” ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் அவவின் வீட்டுக் கீழறையில்தான் நான் இருந்தேன். அவ சொன்னால் கேட்கிறவள்தான். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவ சொல்லைக் கேட்கவில்லை.

“சாவியா? என்னம்மா, விளையாடுறியா?” என்று சிரித்தார் பண்ணையை நடத்துகிற நரசிம்மன். ஒரு கால் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே நின்றது. மறுநாள் மிசிசாகாவில் அவருடைய மகளுக்கு அரங்கேற்றம்.

ரூஜ் ஆற்றுக்கு அங்கால், சோளக் காணிகளுக்கு நடுவில் இருந்தது அந்தக் கிரீன்ஹவுஸ். உள்ளே கஞ்சா. களவாக இல்லை, அரசாங்கம் ஆராய்ச்சிக்கென்று தந்த லைசென்ஸோடு. கயிற்றுக்கும் துணிக்கும் நார் எடுக்கிற சாதி அது. புகைத்தால் தலையிடிதான் மிச்சம். எத்தனை தரம் சொன்னாலும், வேலைக்கு ஆள் ஏற்றுகிற வானில் என்னோடு வருகிற சனம் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும். ஹங்கேரியிலிருந்து கைப்பிடி விதைதான் வந்தது. முளைத்தவை இருநூற்றுப் பன்னிரண்டு.

அவை பிழைத்து வளர்ந்தால் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு என்னைப் பற்றி ஒரு கடிதம் தருவதாக நரசிம்மன் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவள் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். ரொறன்ரோவில் அந்தப் பட்டத்தை ஏழு இடத்தில் காட்டினேன். ஏழு இடத்திலும் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இந்த நாட்டில் ஒருத்தர் நாலு வரி எழுதித் தராமல் நான் தக்காளிப் பெட்டி அடுக்குகிறவளாகவே கிடக்க வேண்டியதுதான்.

அதற்கு முந்தின புதன்கிழமை கன்றுகளைத் தட்டிலிருந்து பெரிய சாடிக்கு மாற்ற வேண்டியிருந்தது. என்னைத் தக்காளிப் பக்கம் அனுப்பிவிட்டு, அந்த வேலையை இக்னேசியஸ் அண்ணையிடம் கொடுத்தார் நரசிம்மன். அண்ணை இளவாலையில் புகையிலை செய்தவர். அவருக்கு ஒரு முறைதான் தெரியும்: கன்றைப் பிடுங்கு, மண்ணை உதறு, நீண்ட வேரைக் கிள்ளு, நடு. புகையிலை அதைத் தாங்கும். இதற்கு ஆணிவேர், அறுந்தால் தாங்காது. மண்கட்டியோடு அப்படியே தூக்கி வைத்திருக்க வேண்டும். நான் திரும்பி வந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டும் அவித்த கீரை மாதிரிக் கிடந்தன.

“பயப்பிடாதை பிள்ளை. புகையிலைக் கண்டும் முதல் நாள் இப்பிடித்தான் செத்துக் கிடக்கும். மூண்டாம் நாள் சண்டியன் மாதிரி நிமிரும்.”

“இது புகையிலை இல்லை அண்ணை.”

“அந்தாள்தானே சொன்னது, உதறி நடு, கெதியா முடியுமெண்டு.”

உண்மைதான். “வெரி ஃபாஸ்ட்” என்று முதுகில் தட்டியும் கொடுத்தாராம்.

இரண்டு நாள் நான் மாரடித்தேன். வேர் அறுந்த கன்றால் தண்ணீர் குடிக்க ஏலாது; இலையோ வெயிலுக்கு இருக்கிறதையும் விட்டுக்கொண்டிருக்கும். செய்யக்கூடியது கொஞ்சம்தான். நிழல் கொடுக்க வேண்டும், காற்றை ஈரமாக வைக்க வேண்டும். மண்ணில் தண்ணீர் கட்டி நிற்க விடக்கூடாது. பசளை, உரம் எதையும் கண்ணிலும் காட்டக்கூடாது. வேரோனிக்கா அன்ரியிடம் நாலு வெள்ளைப் படுக்கை விரிப்புக் கேட்டேன். சீதனச் சேலையைக் கேட்ட மாதிரிப் புலம்பித்தான் தந்தா. அவற்றை மேலே கட்டினேன். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே போத்தலைக் கழுவி, மணிக்கு ஒருக்கால் இலைகளில் புகைபோலத் தண்ணீர் அடித்தேன். வெள்ளி மத்தியானம் எண்ணினேன். ஐம்பத்தெட்டு கழுத்தைத் தூக்கியிருந்தன. மற்றவையும் முழுக்கச் சாகவில்லை.

ஆனால் சனி, ஞாயிறு நல்ல வெயில் என்றது ரேடியோ. கையால் திறக்கிற ஜன்னல்கள். இரவில் பூட்ட வேண்டும் என்பது லைசென்ஸ் சட்டம். ரெண்டு நாள் பூட்டிக் கிடந்தால் உள்ளே பாண் சுடுகிற போறணைதான்.

“லைசென்ஸ்ல உன் பேர் இல்ல,” என்றார் நரசிம்மன். “உன் அகதி கேஸே இன்னும் முடியல. போலீஸ் கிளியரன்ஸ் எப்படி வரும்?”

“அப்ப நீங்கள் நாளைக்கு ஒருக்கா வந்து ஜன்னலைத் திறந்து விடுவியளோ?”

“பொண்ணு அரங்கேற்றம்மா. நானூறு பேர் வர்றாங்க.”

“கண்டுக்கு அரங்கேற்றம் தெரியாது சேர்.”

பின்னால் நின்ற இக்னேசியஸ் அண்ணை இருமினார். அது இருமல் இல்லை.

நரசிம்மனின் முகம் சுண்டிவிட்டது. “செடியைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காத. நான் பிஎச்டி. வாடியிருக்கு, அவ்வளவுதான். சத்து குடுத்தா எந்திரிச்சிடும்.” சொல்லிக்கொண்டே தக்காளிக்கு ஓடுகிற நீலப் பசளைத் தண்ணீர்க் குழாயை இழுத்தார்.

“வேண்டாம் சேர்! அந்தப் பசளை உப்பு வேரிலை இருக்கிற தண்ணியையும் இழுத்துப்போடும்!”

குழாயைப் பிடித்தேன். அவர் விடவில்லை. என் சட்டை, வேரோனிக்கா அன்ரியின் விரிப்பு, எல்லாம் நீலம். நான் கையை விட்டேன். அவர் மேசை மேசையாக, சாடி நிரம்பி வழிய ஊற்றினார். கழுத்துத் தூக்கிய ஐம்பத்தெட்டும் முதல் மேசையில்தான் இருந்தன. இலைகள் அந்த நீலத்துக்குள் படுத்தன.

கையைத் துடைத்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். செத்த கன்றுகளை எண்ணி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் சட்டம். எண்ணிக்கை வெறுமையாக இருந்தது. காரணம் என்ற இடத்தில் மட்டும் ‘பூஞ்சை நோய்’ என்று எழுதியாகிவிட்டது.

“திங்கள் நான் லேட்டா வருவேன். ரெண்டு பேரும் இப்பவே போட்டுடுங்க. உன் லெட்டரைத் திங்கள் மத்தியானம் டைப் பண்ணிடலாம்.”

“திறப்புக்கு என்ரை பேர் காணாது. செத்ததுக்குக் கையெழுத்துப் போட மட்டும் போதுமோ?”

“லெட்டர் வேணுமா, வேண்டாமா?”

வேண்டும். அதை மறைப்பானேன்? மூன்று மாதம் அந்தக் கடிதத்தை நினைத்துத்தான் காலையில் எழும்பினேன். ஆனால் அதை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போய் நான் என்ன சொல்வது? பூஞ்சைக்கும் பசளைக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்றா?

“பூஞ்சை இல்லை சேர். நான் போடமாட்டன்.”

நரசிம்மன் பேனாவை இக்னேசியஸ் அண்ணையின் பக்கம் திருப்பினார். “இக்னேசியஸ், நட்டது நீதான். நோய்னு இல்லேன்னா உன் பேர்தான் எழுதணும்.”

“போடாதேங்கோ அண்ணை. ஆர் சொல்லி நட்டியள் எண்டு நான் சொல்லுறன்.”

“ஆரிட்டைச் சொல்லுவாய்? உன்னையே இஞ்சை இருக்க விடுவாங்களோ தெரியாது.” அண்ணை என்னைப் பார்க்கவில்லை. சாடி விளிம்பில் தாளை வைத்து மெதுவாக, எழுத்துக்கூட்டி, முழுப் பெயரையும் எழுதினார். “என்ரை மனிசிக்கு ஒப்பரேசன் பிள்ளை. எனக்கு வேலை வேணும்.”

இரண்டாவது கையெழுத்துக்கான கோட்டில் நரசிம்மன் தன் பெயரையே கிறுக்கினார். நான் இல்லாமலே காரியம் முடிந்துவிட்டது. நான் மறுத்தும் ஒரு கன்றும் பிழைக்கவில்லை, அண்ணையும் தப்பவில்லை.

விரிப்புகளைக் கழற்றப் போனேன். கை முடிச்சில் நின்றது. நிழலாவது கிடக்கட்டும் என்று விட்டேன், பிரயோசனம் இல்லை என்று தெரிந்துகொண்டே. ஸ்பிரே போத்தலை முதல் மேசையில் வைத்தேன். கையுறையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன்.

“திங்கள் ஏழரைக்கு வந்துடு. தக்காளி வேலை நிறைய இருக்கு,” என்றார் நரசிம்மன், ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடியபடி.

நான் வாசலைத் தாண்டினேன். வெளியே வான் ஓட்டுகிற அன்புராசா எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். “கஞ்சா டொக்ரர், ஏறுங்கோ! என்ன, நீலத்திலை குளிச்சனீங்களோ?”

“நீ போ. திங்கள் எனக்குச் சீட் வைக்காதை.”

“அப்ப செவ்வாயோ?”

எனக்குப் பின்னால் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. நான் பஸ் தரிப்பை நோக்கி நடந்தேன்.